மூன்றாவது குடுவையின் நிறம்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

சொட்டு எழுதுகிறேன். கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டே பொழுதைக் கழிக்கிறாள் என்று, ஆய்வகத்தில் உங்களுக்கு ஜூனியராக இருந்தபோது நீங்கள் வைத்த பெயர்தான், வேறு யாரும் இப்போது கூப்பிடுவதில்லை. ஒன்பது வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்தால் உறையைப் பிரிக்காமலே தூக்கிப் போட்டுவிடுவீர்கள் என்று முகவரியைத் தட்டச்சு செய்தேன். முகவரி கொடுத்தது அண்ணி. அவரைத் திட்டாதீர்கள். உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி என்று சொன்னார். எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தங்க முக்கோணங்கள் நிஜம்.

போன மாதம் ஆய்வகத்தின் சரக்கறையை ஒழித்தபோது, 'தொடாதே' என்று உங்கள் எழுத்தில் சீட்டு ஒட்டிய பழைய தூள் புட்டி கிடைத்தது. தங்கத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கக் கரைப்போமே, அந்த வெள்ளை சோப்புத் தூள். ஏதோ தோன்றி, அதை வைத்து உங்கள் முறைப்படியே செய்தேன். வெந்நீரில் தூள், தங்க உப்பு, வைட்டமின் சி, கடைசியில் விதையாக மிகச் சிறிய தங்கத் துகள் கலந்த நீர் சில சொட்டு. அரை மணியில் கரைசல் ஊதாவானது. நுண்ணோக்கியில் பார்த்தால் அத்தனையும் தட்டை முக்கோணம். புதுத் தூளில் செய்தால் வழக்கம்போலச் சிவப்பு, வெறும் உருண்டை.

பழைய தூளில் அயோடைடு, அதாவது அயோடின் உப்பு, கலந்திருக்கிறது, ஒரு தொட்டித் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு அளவுக்கு. அது படிகத்தின் ஒரு முகத்தில் ஒட்டிக்கொண்டு உயரவிடாமல் தடுக்கிறது. துகள் பக்கவாட்டில் விரிகிறது. நீங்கள் முடிவுகளை இட்டுக்கட்டியதாகத் தீர்ப்புச் சொன்ன விசாரணைக் குழு புத்தம்புதுத் தூளில்தான் செய்து காட்டச் சொன்னது. அதில் நீங்கள் தலைகீழாக நின்றிருந்தாலும் முக்கோணம் வந்திருக்காது.

உங்கள் கட்டுரையை நீக்கிய இதழுக்கு இதை எழுதப் போகிறேன். பழைய குறிப்பேடு இருந்தால் அனுப்புங்கள்.

அன்புடன்,
சொட்டு


பிப்ரவரி 24

சொட்டு,

உறையைப் பிரித்தேன், யாருடையது என்று தெரியாததால். அண்ணியைத் திட்டவில்லை. திட்டினால் வாங்கிக்கொள்கிற ஆளா அவள்?

நான் பெயிண்ட் கம்பெனியில் நிறம் கலக்கிறேன். சுவரில் சுரண்டிய சில்லு ஒன்றைக் கொண்டுவந்து இதே நிறம் வேண்டும் என்பார்கள். வந்ததா இல்லையா என்று அவர்களே கண்ணால் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அதற்குக் குழு போடுவதில்லை.

அயோடைடு என்று படித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நான் பார்த்தது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை என்பதுதான் ஒன்பது வருடமாகத் தெரியவில்லை. சொன்னதற்கு நன்றி.

குறிப்பேடு இருக்கிறது. அதற்கு முன் ஒரு கேள்வி. என் முறையைப் பதினான்கு தடவை செய்ததாகவும் பதினான்கும் சிவப்பு என்றும் குழுவிடம் சொன்னாய். மூன்றாவது தடவை செய்த அன்று, கழுவும் தொட்டியில் உன் குடுவையைப் பார்த்தேன். என்ன நிறம் என்று நீயே சொல்.

அண்ணன்


மார்ச் 6

அண்ணா,

ஊதா.

அன்று என் தூள் தீர்ந்திருந்தது. உங்களிடம் கேட்காமல் உங்கள் புட்டியிலிருந்து இரண்டு கரண்டி எடுத்தேன். ஊதா வந்ததும், குடுவையில் உங்கள் பழைய துகள் ஒட்டியிருந்திருக்கும் என்று நினைத்து அமிலம் விட்டுக் கழுவினேன். குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தை அடித்தேன். பேராசிரியரிடம் சொன்னபோது, "சந்தேகமா இருக்கறத எல்லாம் சேர்க்காதம்மா. உன் பட்டத்துக்கு மூணு மாசம்தான் இருக்கு" என்றார். ஒரு தடவையாவது ஊதா வந்ததா என்று குழுவில் ஒருவர் நேராகவே கேட்டார். இல்லை என்றேன்.

அந்த இரண்டு கரண்டியைப் பற்றி வாய் திறந்திருந்தால் அன்றைக்கே காரணம் பிடிபட்டிருக்கும். திருட்டுத்தனமாக எடுத்ததைச் சொல்ல வெட்கப்பட்டேன். இப்போது அதைவிட வெட்கமாக இருக்கிறது.

இதழுக்கான வரைவில் தூளைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறேன். பழி தூளோடு போனால் உங்கள் பெயரும் மீளும், என் வேலையும் தப்பும். இது போதுமா, அண்ணா? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

சொட்டு


மார்ச் 19

சொட்டு,

அதை என் தலையில் கட்டாதே. போதும் என்றால் நான் பெரிய மனசுக்காரன், போதாது என்றால் பழிவாங்குகிறவன். இரண்டும் எனக்கு வேண்டாம்.

குடுவையைப் பற்றி நான் ஏன் குழுவிடம் சொல்லவில்லை என்று நீ கேட்கவில்லை. என்னை விசாரித்தபோது, உன்னை இழுத்துவிட வேண்டாம், உன் முறை வரும்போது நீயே சொல்வாய் என்று இருந்துவிட்டேன். நீ உள்ளே போனபோது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து என் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினாய். அப்போதுதான் புரிந்தது. அதற்குப் பிறகு நான் என்ன சொன்னாலும் யார் நம்புவார்கள்?

அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. கடைசிவரை அந்த விசாரணையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் 'நான் ஏமாத்தலப்பா' என்று சொல்லியிருப்பேன். உறவுக்காரர்கள் என் வேலைப் பேச்சை எடுத்தால் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். அம்மாதான் சண்டை போடுவாள். மகன் மேல் நம்பிக்கை இல்லாமலே அவர் போய்விட்டார் என்பதை என்னால் விழுங்க முடியவில்லை.

குறிப்பேட்டை இத்துடன் அனுப்புகிறேன். தூளைப் பற்றி மட்டும் எழுதினாலும் எனக்கு நல்லதுதான். ஆனால் அதன் பிறகு எனக்குக் கடிதம் எழுதாதே.

அண்ணன்


ஏப்ரல் 28

அண்ணா,

இதழுக்கு அனுப்பியதன் நகல் இத்துடன் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் எல்லாம் எழுதிவிட்டேன்: யாருடைய தூள், என்ன நிறம், குழுவிடம் நான் சொன்ன பொய். இயக்குநரிடம் நேரிலேயே ஒரு பிரதி கொடுத்தேன். படித்து முடிக்கிற வரை அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. விசாரணை முடிகிற வரை ஆய்வகத்துக்குள் வரக்கூடாது என்று உத்தரவு. சாவியை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். பயமாக இருக்கிறது.

அம்மாவுக்குப் படித்துக் காட்ட ஒரு தனித் தாள் வைத்திருக்கிறேன். அதில் இவ்வளவுதான்:

'அம்மா, உங்கள் மகன் செய்து காட்டியது உண்மை. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொன்னேன். அதனால்தான் அவருக்கு அந்த நிலை வந்தது.'

சொட்டு


மே 11

சொட்டு,

நகலைப் படித்தேன். நீ செய்தது லேசான காரியமில்லை. அண்ணியும் அதையேதான் சொன்னாள். உன் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. நிஜமாகவே இல்லை.

தாளை அம்மாவுக்கு வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானே எழுத்துக்கூட்டிப் படித்தாள். அழவில்லை. தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, "அப்பா இருக்கும்போதே இந்தப் பொண்ணு வந்து சொல்லியிருக்கலாமேடா" என்றாள்.

அவளுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. உனக்கும் தெரியாது. உன் கடிதம் வரும்போதெல்லாம் அந்தக் கேள்வியும் கூடவே வரும், என்னால் அது முடியாது. உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுத வேண்டாம்.

அண்ணன்