பவுனே தீன்

12 ஆகஸ்ட் 1986, செவ்வாய்

விக்ரோலி ஃபவுண்டரிக்கு எங்கள் பட்டறையில் செய்து கொடுத்த, மணல் கொட்டி வைக்கும் தகட்டுக் கூம்பு இன்று காலை ஸ்டாண்டோடு சாய்ந்துவிட்டது. கீழே நின்ற கூலியாளுக்கு இடது காலை முட்டுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம்.

அந்த ஆர்டரை வாங்கியவள் நான். இவர் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தபோது ஃபவுண்டரி மேஸ்திரி வந்து இந்தியில் அளவு சொன்னார். வாய் அகலம் மூன்றரை அடி, உயரம் பவுனே தீன். தீன் என்றால் மூன்று, பவுனே என்றால் முக்கால். மூணே முக்கால் என்று சீட்டில் எழுதினேன். இவரும் அப்படியே தகடு வெட்டினார்.

ஸ்டாண்டு அவர்களுடையது. ஒன்பது கன அடி மணலுக்கு அடித்தது.

சாயங்காலம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாய் அகலத்தில் பாதியான ஒன்றே முக்காலை ஒன்றே முக்காலால் பெருக்கி, இருபத்திரண்டால் பெருக்கி ஏழால் வகுத்து, உயரத்தால் பெருக்கி, மூன்றால் வகுத்தேன். பன்னிரண்டு வந்தது. மறுபடி போட்டாலும் பன்னிரண்டுதான்.

பவுனே தீன், மூணே முக்கால் என்று நான் முணுமுணுத்ததைக் கேட்டு மகள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "பவுனே தீன்னா ரெண்டே முக்கால் உம்மா. மூணுல கால் குறையணும்."

அப்படிப் போட்டால் ஒன்பதுகூட வரவில்லை.

இவர் சோற்றைத் தொடவில்லை. "வெட்டுனதுல நாந்தான் தப்பு பண்ணிட்டேன் போல. நீ எழுதுன அளவு சரிதானே?" என்று கேட்டார்.

"சரிதான்" என்றேன்.

சீட்டு இந்த நோட்டுக்குள் இருக்கிறது. கால் குறையணும், கால் குறையணும் என்றே காதில் கேட்கிறது. இவர் இன்னும் தூங்கவில்லை. புரண்டு புரண்டு படுக்கிறார்.