ஆமத்தூருக்குப் போன சாம்பிள்

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் கோவையில் மகள் வீட்டுக்குப் போன மறுநாள் இங்கே நடந்ததை நான்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

நம் வீட்டுக்காரர்கள், அண்ணன் தம்பி இருவரும், பட்டாசுக் கம்பெனியைப் பிரித்து, நடுவில் சுவரும் எழுப்பி நான்கு வருஷம் ஆகிறது. பேச்சுத் துணை இல்லாமல்தான் நான் கொல்லையில் செம்பருத்தியும் இட்லிப்பூவும் நட்டேன். ஆனி மாதம் துணிக்கொடியில் தேன்சிட்டு கூடு கட்டி இரண்டு குஞ்சு பொரித்தது. அன்று மாலை அத்தான் வழக்கம்போல உங்கள் மொட்டைமாடியில் வியாபாரிகளுக்குச் சாம்பிள் வெடித்துக் காட்டினார். தாய்ப் பறவை பறந்துபோய் ஒரு மணி நேரம் திரும்பவில்லை. சுவரோரம் நின்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் உடனே உள்ளே போனீர்கள்.

பிறகு உங்கள் வீட்டில் நடந்த பேச்சு எனக்குக் கேட்டது, அக்கா.

“ஏட்டி, சீசன் நேரத்துல குருவிக்காக ஆர்டரை விடச் சொல்லுதியா?”

“வெடியை ஆமத்தூர்க் காட்டுக்குக் கொண்டுபோகலாம்ல. கூட்டைத் தூக்கிட்டுப் போக முடியுமா?”

மறுநாளிலிருந்து பதினைந்து நாள் அத்தான் வியாபாரிகளை வேனில் ஏற்றிக்கொண்டு ஆமத்தூருக்குப் போனார்.

நீங்கள் கோவைக்குப் போன மறுநாள் குஞ்சுகள் பறந்தன. அன்று என் வீட்டுக்காரர் சுவருக்கு மேல் எட்டி, “அண்ணே, குருவி பறந்துருச்சு. இனி இங்கனயே வெடிங்க” என்றார். நான்கு வருஷத்தில் அவர்களுக்குள் அதுதான் முதல் பேச்சு.

அத்தான், “அடுத்த ஈடு முட்டை எப்பம்லே வைக்கும்?” என்று கேட்டார்.

உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை, அக்கா. அத்தான் இன்றும் ஆமத்தூருக்குத்தான் போயிருக்கிறார். இவரும் கூடப் போயிருக்கிறார்.

சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உங்கள் தங்கை