மை பிடித்த கோப்பை

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் டீ போட்டேன். அலமாரியின் பின்வரிசையிலிருந்த, நீ கொடுத்த கோப்பைதான் கைக்கு வந்தது. கைப்பிடிக்குக் கீழே அந்த நீலப் புள்ளி கடுகளவு அப்படியே இருக்கிறது. ஆறு வருஷமாகத் தேய்த்துக் கழுவியும் போகவில்லை. நீ இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. உன்னிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. வேறு யாரிடமும் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

செராமிக் கம்பெனியில் நமக்கு ஒரே மேஜை. சூளையிலிருந்து வரும் கோப்பைகள் மேல் நீல மையைத் தடவி ஈரத்துணியால் துடைப்போம். கிளேஸ் என்கிற அந்தக் கண்ணாடிப் பூச்சு ஒழுங்காக இருந்தால் மை சுத்தமாக வந்துவிடும். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் மை உள்ளே இறங்கி நின்றுவிடும், அது கழிவு. உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "பளபளன்னு இருக்குதுன்னு நம்பிடாதடி, மையை வெச்சுப் பாரு" என்பாய். இந்தக் கோப்பையை நீயே கழித்துவிட்டு, சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி என்னிடம் நீட்டினாய். "ஓட்டை வாய்க்கு ஓட்டைக் கோப்பை, பொருத்தமா இருக்குது" என்று நீ சிரித்த சிரிப்பில் மேஜையே ஆடியது.

குனிந்தே உட்கார்ந்து உனக்கு இடுப்பு போயிற்று. மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையை வெறும் வயிற்றில் டீயோடு விழுங்குவாய். பிறகு நெஞ்சுக்குழியைப் பிடித்துக்கொண்டு "எரியுதுடி" என்பாய். "கேஸுடி, வேற என்னா?" என்று சோடா வாங்கிக் கொடுப்பேன். நம் ஊரில் நெஞ்சு அடைத்தாலும் கேஸ், வயிறு வலித்தாலும் கேஸ். மேஜையில் இருந்த அத்தனை பேரும் டாக்டர்கள், அதில் நான் பெரிய டாக்டர்.

நீ வெளுத்துக்கொண்டே வந்தாய். பஸ் படி ஏறுவதற்கே மூச்சு வாங்கியது. நான்தான் உன்னை நர்ஸம்மாவிடம் தரதரவென்று இழுத்துப் போனேன். கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் குறைவு, டாக்டரைப் பார்த்துவிடு என்று சொல்லி, ரத்தம் ஊற இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். டாக்டரை இரண்டு பேரும் மறந்துவிட்டோம். மாத்திரையை நான் மறக்கவில்லை. "ஒண்ணு மிச்சம் வெச்சே, உன்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவேன்" என்று தினமும் மிரட்டினேன். "போட்டுட்டேன் தாயே, ஆளை விடு" என்று கும்பிடுவாய்.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. நீ ஒருசந்தி, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். மைக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாய்.

"கொஞ்ச நாளா வெளிக்குக் கருப்பாப் போவுதுடி. தார் மாதிரி."

"சத்து மாத்திரை தின்னா அப்படித்தான் போவும். மாசமா இருந்தப்ப எனக்கும் அப்படித்தான் போச்சு."

நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய். என் முகத்தைப் பார்த்தாய். "அப்படியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த கோப்பையை எடுத்தாய்.

அடுத்த வாரம் எங்கள் தெருக் கடையின் காயின் போனுக்கு உன் வீட்டுக்காரர் பேசினார். ரத்தமாக வாந்தி எடுத்தாய் என்றும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்றும் சொன்னார். அடக்கம் முடிந்த பிறகு, மேஜைக்கு அடியில் கிடந்த உன் சாப்பாட்டுப் பையை உன் வீட்டில் கொடுக்க எடுத்தேன். உள்ளே அந்த மாத்திரை அட்டைகள் இருந்தன. ஒரு குழிகூட உடைபடவில்லை. எனக்கு வந்தது கோபம்தான். தின்றிருந்தால் ரத்தம் ஊறியிருக்குமே பாவி என்று உன்னைத் திட்டித் திட்டி அழுதேன். ஆறு வருஷமாக உன் மேல் அந்தக் கோபத்தோடுதான் இருந்தேன்.

இந்த மாசம் எனக்கும் எரிச்சல் வந்தது. வாய் வழியாக ட்யூப் விட்டுப் பார்த்த டாக்டர், நேற்று நிதானமாகச் சொன்னார். "வயித்துல ஊறுற ஆசிட்டு கெட்டது இல்லம்மா. சோறு செரிக்க அது வேணும். உள்சுவத்துல வழவழன்னு ஒரு பூச்சு இருக்குது, அது இருக்கிறவரைக்கும் ஆசிட்டு சுவத்தைத் தொடாது. வலி மாத்திரையும் ஒரு கிருமியும் அந்தப் பூச்சை அரிச்சிடும். அப்புறம் ஆசிட்டு பட்டுப் பட்டுப் புண்ணாவும்."

"கிளேஸ் போன எடம் மாதிரிங்களா?" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. என் புண் சின்னதாம், இரண்டு வார மாத்திரையில் கிருமி போய்விடுமாம். பிறகு எழுதிக்கொண்டே கேட்டார்.

"கருப்பாப் போவுதாம்மா? தார் மாதிரி?"

"இல்லைங்க."

"போனா உடனே வரணும், உள்ள ரத்தம் கசியுதுன்னு அர்த்தம். சத்து மாத்திரை தின்னாலும் கருப்பாப் போவும், அதனால அது தின்னுறீங்களான்னும் கேப்போம்."

உடைபடாத அந்த அட்டைகள் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. நீ தின்னவேயில்லை. அப்படியென்றால் அந்தக் கருப்பு மாத்திரையால் வந்ததில்லை, ரத்தம். தின்றால் எரிச்சல் கூடும் என்று விட்டிருப்பாய். அன்றைக்கு அதைத்தானே சொல்ல வாயெடுத்தாய்? "நான்தான் மாத்திரையே போடலியே" என்ற ஒரு வார்த்தை. என் வாய்க்குப் பயந்து அதை விழுங்கிவிட்டாய். டாக்டர் முன்னால் நான் அழுத அழுகையைப் பார்த்து, புண்ணுக்குப் பயந்து அழுகிறேன் என்று நினைத்து அவர் தேற்றினார்.

இன்று வேலைக்குப் போனேன். எதிரில் உட்காருகிறவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு "கேஸுக்கா" என்றாள். வெறும் வயிற்றில் வலி மாத்திரை போட்டாயா, எந்த நிறத்தில் போகிறது என்று கேட்டேன். எல்லோரும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும். வாயெடுத்தவள் சொல்லி முடிக்கிற வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. நம்ப மாட்டாய், நான்தான்.

இன்றைக்கும் உன் கோப்பையில்தான் டீ ஊற்றினேன், உன்னோடு பேசிக்கொண்டே அது ஆறிவிட்டது. நீயும் சொல்லுடி, அன்றைக்குச் சொல்ல வந்ததை. திட்ட மாட்டேன்.