இடது கை செய்த வேலை

என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் சுகம். உங்கள் அண்ணன் வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்கச் சொன்னாள். அவள் கேட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். இது படகு விஷயம்.

நீங்கள் போன மறுநாளே மோட்டார் மக்கர் பண்ணத் தொடங்கிவிட்டது. அரிசி மூட்டை, எண்ணெய் டின் எல்லாம் ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றுகூடச் சத்தம் இல்லை. பேட்டரி போச்சு என்று நினைத்தேன். ஆனால் படகு விளக்கு பளிச்சென்று எரிகிறது. பேட்டரி முனைகளில் பூத்திருந்த பச்சையைத் தேய்த்தெடுத்து வயரை இறுக்கினேன். ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன்; அறுந்திருக்கவில்லை. கழன்றால் மோட்டாரை நிறுத்திவிடுகிற அந்தச் சிவப்புக் கயிற்றுக் கிளிப்பும் மாட்டித்தான் இருந்தது. எல்லாம் சரியாக இருந்தும் மோட்டார் மட்டும் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தது.

சொட்டைத் தலை மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் மோட்டாருக்குக் கரண்ட் விடுகிற ஸ்டார்ட்டர் ரிலேயின் இரண்டு போல்ட்டையும் ஸ்க்ரூடிரைவரால் சேர்த்துத் தொட்டார். தீப்பொறி பறந்தது, மோட்டார் கிளம்பிவிட்டது. மோட்டாரில் குறை இல்லையாம், சாவிக்கும் ரிலேக்கும் நடுவில் எங்கேயோ கரண்ட் நிற்கிறதாம். எங்கே என்று கேட்டால் தலையைத் தடவுகிறார்.

அப்படியே நானும் மகளும் ஓட்டிப்போய் முதல் தீவில் சரக்கு இறக்கினோம். திரும்ப ஏறினால் மறுபடி ஊமை. அந்தத் தீப்பொறியைப் பார்த்த பிறகு ஸ்க்ரூடிரைவரைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசியில் ஐஸ் படகுக்காரர்தான் கயிறு கட்டி இழுத்து வந்தார். இரண்டு தீவுக் கடைகளுக்கும் இனி அவரே சரக்குக் கொண்டுபோகட்டுமா என்று வழியெல்லாம் கேட்டார், ரொம்பப் பரிவாக. சனிக்கிழமை நான் போகவில்லையென்றால் அவர் போய்விடுவார். கடை கடையாக ஏறி இறங்கிப் பிடித்த வியாபாரம், ஒரே நடையில் கைமாறிவிடும்.

கரைக்கு வந்த பிறகு மகள் சொன்னாள்: "அப்பா சாவியைத் திருப்பறப்ப இடது கை சும்மா இருக்காதும்மா. கியர் லீவரை லேசா ஆட்டிக்கிட்டேதான் திருப்புவாரு. நீ பார்த்ததே இல்லையா?"

ஆட்டினேன். கிளம்பிவிட்டது. மறுநாளும் அதே மாதிரி ஆட்டினேன், அசையவில்லை. முன்னால் தள்ள வேண்டுமா, பின்னால் இழுக்க வேண்டுமா, எவ்வளவு என்று ஒன்றும் பிடிபடவில்லை. மெக்கானிக் லீவர்ப் பெட்டியைப் பிரித்தார். உள்ளே ஒரு சின்ன சுவிட்ச். கியரில் இருக்கும்போது மோட்டார் கிளம்பாமல் தடுக்கிற சுவிட்சாம். அது தேய்ந்து, நியூட்ரலில்கூடச் சரியாக அமுங்குவதில்லை. "வருஷக் கணக்கா இப்படித்தாம்மா இருந்திருக்கும். அவரு கைப்பக்குவத்துல ஓட்டியிருக்காரு" என்றார்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை? யோசித்தால் பதில் எனக்கே தெரிகிறது. ஓடுகிற எதையும் பிரிக்க விடாதவள் நான். ஓடுதுல்ல, விடுங்க என்றிருப்பேன். ஆனால் சாவி திருப்புவதைத் தவிர உங்களுக்கு என்ன வேலை என்று அன்றைக்கு மூட்டை தூக்குகிறவர்கள் முன்னால் கேட்டேனே, அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

புது சுவிட்ச் வந்துவிட்டது. அரை மணி நேர வேலை என்கிறார் மெக்கானிக். பொறுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஏன் சொன்னேன் என்று விளங்கவில்லை. ஏற்ற வேண்டிய சரக்கைக் கரையில் போட்டு வைக்கிற ஆளா நான்? அவரும் ஒரு மாதிரிதான் பார்க்கிறார். மாற்றிவிட்டால் யார் திருப்பினாலும் கிளம்பும், அதுதான் வியாபாரத்துக்கு நல்லது. தெரிந்தும், மாற்றுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை மெக்கானிக்கை நிறுத்தி வைக்கிறேன். பதில் எழுத வேண்டாம். நேரில் வந்து, படகில் நின்று, மாற்றலாமா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள். எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்லுங்கள். நான் குறுக்கே பேச மாட்டேன்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காருங்கள், உங்களுக்குத் தலை சுற்றும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி