டாக்டருக்கு ஊற்றிய தண்ணீர்

பிப்ரவரி 3
வெயில். மின்விசிறி போட்டும் புழுக்கம். இவர் ஆறு மணிக்கே ஃபேக்டரிக்குக் கிளம்பியாச்சு, வியட்நாமில் பின் யுவோங் என்கிற ஊருக்கு. கடல்நீர் மீன்தொட்டியை வாங்கியது இவர், பார்த்துக்கொள்வது நான். நல்ல நியாயம்.

தினம் அரை லிட்டர் வற்றுகிறது. வற்றுவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கிவிடுமாம். அதனால் உப்பில்லாத சுத்தத் தண்ணீரைத்தான் தொட்டியில் போட்ட கோடு வரை ஊற்ற வேண்டும். சாம்பார் சுண்டினால் கரிக்கிறதே, அதே கணக்கு.

வாங்க: அரிசி, சீரகம். கேஸ் சொல்லணும்.

பிப்ரவரி 5
தொட்டி இறாலுக்கு டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டேன். சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு, நீள வெள்ளை மீசை. நீல மீன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது, டாக்டர் உள்ளே காலை விட்டுப் பல்லிடுக்கைச் சுத்தம் செய்கிறார். மீன் ஏன் விழுங்கவில்லை? யார் பேசி வைத்த ஒப்பந்தம்? முக்கால் மணி நேரம் பார்த்தேன். வெண்டைக்காய் கருகல்.

பிப்ரவரி 8
இந்த ஊர்க்காரர்களின் டெட் புத்தாண்டு விடுமுறை. வளர்ப்பு மீன் கடை மூடல், சுத்தத் தண்ணீர் கேன் காலி. குழாய்த் தண்ணீரில் குளோரின், கூடாது. அதனால் மூன்று நாளாய் நாங்கள் குடிக்கிற தண்ணீரேதான். ஃபில்டரில் பிடித்து, ராத்திரி முழுக்கத் தாமிரக் குடத்தில் வைத்தது. காரைக்குடியிலிருந்து விமானத்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்த குடம். நமக்கு நல்லதென்றால் டாக்டருக்கும் நல்லதுதானே.

பிப்ரவரி 11
தொட்டியிலிருந்த நத்தை நாலும் மல்லாந்து கிடக்கின்றன. விரிந்திருந்த பவளம் சுருங்கிவிட்டது. டாக்டர் கல்லுக்கடியில் ஒருக்களித்து. மீசை மட்டும் லேசாக அசைகிறது.

இவர்: "தொட்டிக்குன்னு கடைக்காரன் குடுத்த உப்புல கலப்படம். நாளைக்கு அவன உண்டு இல்லைன்னு ஆக்கிடுறேன்."

பிப்ரவரி 12
இவர் போட்ட சத்தத்தில் மீன் கடைக்காரர், ஹாய் என்று பெயர், பைக்கில் வீட்டுக்கே வந்துவிட்டார். குப்பியில் தொட்டித் தண்ணீர், நாலு சொட்டு மருந்து. நிறம் மாறியது. போனில் தமிழாக்கிக் காட்டினார்: 'தாமிரம். இறாலுக்கு விஷம்.'

"எங்க வீட்ல தாமிரம் எங்கேருந்து வரும்? எல்லாம் ஒன் உப்புதான்!" போனைப் பார்த்து இவர் கத்தல்.

நான் விருந்தாளிக்குத் தம்ளரில் தண்ணீரோடு நிற்கிறேன். அதே குடத்துத் தண்ணீர். பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

"அவர வையாதீக. கொடத்துத் தண்ணிய ஊத்துனது நாந்தேன்."

ஹாய் போனில் படித்தார், தம்ளரைப் பார்த்தார், வாங்கி மடமடவென்று குடித்தார். மனுஷருக்கு ஒன்றும் ஆகாது என்று சைகை. டாக்டரைப் பையில் போட்டு எடுத்துப் போனார். பிழைக்குமா என்றேன். கையை விரித்தார்.

பிப்ரவரி 13
தூக்கமே இல்லை. ஆறரைக்கு ஹாயிடமிருந்து படம். கடைத் தொட்டியில் கல்லைப் பற்றிக்கொண்டு டாக்டர், மீசை நிமிர்ந்து. அழுதுவிட்டேன், இவர் முன்னாலேயே. இவர் வியட்நாமிய மொழியில் மன்னிப்புக் கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறார்.

முந்தாநாள் வாங்கிய அரைக் கிலோ இறால் ஃப்ரிட்ஜில். இன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு.