வலைக்குள் வைத்த போத்தல்

ஓகஸ்ட் 10, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால், தம்பி றொனால்ட் பெட்டியை அவிழ்த்துக்கொண்டிருக்கிறான். எங்கள் மகள் மேர்லினின் கல்யாணத்துக்கென்று சுவிசிலிருந்து வந்தவன். உள்ளே இரண்டு போத்தல் வெள்ளை வைன். பெட்டி மூடியைப் பட்டென்று சாத்தினேன்.

"பயப்படாதீங்க அக்கா, இதில மது துளியும் இல்ல. கேக் வெட்டக்குள்ள அத்தானும் எல்லாரோடயும் வாழ்த்துச் சொல்லிக் கிளாஸ் தூக்க வேணாமா?"

நல்ல மனசுதான். ஆனால் என் கணவர் பிலிப்பு சாராயத்தை விட்டுப் பதினொரு மாதம்தான் ஆகிறது. இந்த ருசியே பழசைக் கிளறிவிட்டால்? முதலில் நான் குடித்துப் பார்க்கிறேன், அதுவரை அவருக்குச் சொல்லாதே என்று தம்பியிடம் சத்தியம் வாங்கினேன்.

ஓகஸ்ட் 12

அவர் தோணியெடுத்து வாவிக்கு மீன்பிடிக்கப் போன நேரம் ஒன்றைத் திறந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் வைன் பரிசோதனை! நண்டுக்கறியின் உறைப்பில் அது இருந்த இடமே தெரியவில்லை. மீன் சொதியோடு பரவாயில்லை. இறாலை மிளகும் பூண்டும் மட்டும் போட்டு வதக்கி, தேசிக்காய் பிழிந்து, மேலே ஒரு மிடறு – ஆஹா! கல்யாணத்துக்கு இறால்தான். தலையும் சுற்றவில்லை.

மற்றப் போத்தலைப் பின்கொட்டிலில், பழைய வலைக் குவியலுக்குள் வைத்தேன். அந்தக் காலத்தில் அவர் சாராயம் ஒளித்த இடம். எத்தனை தரம் துழாவியிருப்பேன்! கை தானாகவே அங்கே போய்விட்டது.

ஓகஸ்ட் 15, மாதா திருநாள்

போத்தலைக் காணோம்.

பந்தலுக்கு இடம் ஒதுக்கக் கொட்டிலைத் துப்புரவாக்கியிருக்கிறார். அவரைத் தவிர வேறு யார்? அதுக்குள்ள மதுவில்ல எண்டு எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதே! வைன் எண்டு நினைச்சுக் குடிச்சா அது குடிச்சதுதானே? மாதாவே, என்ர கையாலயே அவர விழுத்திற்றனா?

சோறு போடும் சாட்டில் கிட்டப்போய் முகர்ந்து பார்த்தேன். மது இல்லாததில் என்ன மணக்கப்போகிறது? ஆனாலும் முகர்ந்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஓகஸ்ட் 16

போத்தலைப் பற்றிக் கேட்கப் போனவள், கறிக்கு உப்புக் காணுமா என்று கேட்டுவிட்டு வந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே தலையாட்டினார்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

பூசைக்குப் போகும் வழியில், பாலத்தடியில் நின்றுவிட்டார்.

"இஞ்ச பாரு புள்ள, வலைக்குள்ள ஒரு போத்தல் கிடந்திச்சி. நான்தான் எப்பவோ ஒளிச்சிருப்பன். குடிவெறியில எத எங்க வெச்சனெண்டு எனக்கு எப்ப நினைவிருந்த? வாவிக்குக் கொண்டுபோய், மூடியத் திறந்து கனநேரம் கையில வெச்சிருந்தன். மறுகாத்தான் எல்லாத்தையும் வாவிக்குள்ள ஊத்தின. உன்னட்டச் சொன்னா நம்பமாட்டாயெண்டு பயம்."

நடுவீதியில் அழுதேன். ஒளித்தது நான்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவரோ, "அப்ப வாவி மீனுக்கு வெறியேறியிருக்காதே" என்றார். பூசைக்குப் பிந்திவிட்டோம்.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

நேற்றுக் கல்யாணம். தம்பி கொழும்பெல்லாம் அலைந்து அதே மாதிரி ஒரு போத்தல் கொண்டுவந்திருந்தான். கோயில் மண்டபத்தில், மகளை வாழ்த்தி அவர் கிளாஸ் தூக்கினார். ஒரு மிடறு குடித்துவிட்டு என் காதுக்குள், "புளிக்குது புள்ள. இதையா அண்டைக்கு அவ்வளவு நேரம் கையில வெச்சிருந்தன்?" என்றார்.

"இறாலோட குடிச்சுப் பாருங்க."

அவரே பிடித்த இறால். ஒன்றை மென்று, இன்னொரு மிடறு குடித்தார். "ஓம், இப்பச் சரி."

மிச்சம் அரைப் போத்தல் குசினி மேசையில் நிற்கிறது. அவர் அங்கே தனியாகத் தேநீர் ஊற்றுகிறார். நான் எட்டிப்பார்க்க எழும்பிப் போகவில்லை, இங்கேயே இருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.