எப்போது அடித்தாலும் என்கேஜ்டு

அன்புத் தம்பிக்கு,

இன்று காலை எழுந்ததும், பல்கூடத் துலக்காமல், கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் தவழ்ந்து போனேன். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மோடத்தைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தேன். ஒன்றைப் போலவே இன்னொன்றாக இரண்டு ஓட்டைகள். ஒன்றின்மேல் லைன் என்றும் மற்றதன்மேல் போன் என்றும் எறும்பு எழுத்தில் போட்டிருந்தது. சுவரிலிருந்து வரும் வயர் லைன் என்ற ஓட்டையில் இருக்க வேண்டும். போன் என்ற ஓட்டையில் இருந்தது. பிடுங்கி மாற்றிச் செருகினேன். நீ அனுப்பிவைத்த பெட்டிக்கு இத்தனை நாளாக இருந்த நோய் அவ்வளவுதான்.

இதற்கு மேதையாக இருக்க வேண்டியதில்லை. நூலகத்தில் வேலை பார்ப்பவள் ஒரு புத்தகம் கையில் கிடைத்தால் படிப்பாள். மோடம் வந்த அட்டைப்பெட்டியின் அடியில் உறை பிரிக்காத கையேடு கிடந்தது. நேற்று படித்தேன். தொடக்கத்திலேயே படம் போட்டு, எந்த வயர் எங்கே என்று அம்புக்குறி இட்டிருக்கிறார்கள்.

கடையிலிருந்து வந்து மாட்டிவிட்டுப் போனவர் அதைப் பிரிக்கவில்லை. அவர் சட்டைப் பையில் ‘கம்ப்யூட்டர் டாக்டர்’ என்று தைத்திருக்கும். முதல் நாளிலிருந்தே ‘டயல் டோன் இல்லை’ என்று திரையில் வந்துகொண்டிருந்தது. கூப்பிட்டபோதெல்லாம் வந்தார். திரைக்கு முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாரே தவிர, ஒரு தடவைகூடக் குனியவில்லை. லைன் கெட்டிருக்கிறது என்றார். போனை எடுத்து அவர் காதில் வைத்து, டோன் வருகிறதே என்றேன். ‘அது பேசற டோன் மேடம், இது வேற’ என்றார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். அடுத்த முறை டிரைவர் சரியில்லை என்றார். அப்பா தன் நாற்காலியில் இருந்தபடியே, ‘ஏம்மா, நம்மகிட்ட கார் ஏது?’ என்று கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் உன் கடிதம் வந்தது. மூன்று பக்கம், அழகாக டைப் செய்து. அதில் இரண்டே முக்கால் பக்கம் இன்டர்நெட் வராவிட்டால் என்ன செய்வது என்ற பாடம். முதல் குறிப்பு, பதற்றப்படாதே. அடுத்தது, அணைத்துவிட்டு மறுபடி போடு. அக்காவுக்குப் புரியும்படி எளிமையாக எழுதியிருப்பதாக நடுவில் ஒரு வரி. வயரைப் பார் என்று மட்டும் எங்கேயும் இல்லை. மிச்சமிருந்த கால் பக்கத்தில் அப்பாவின் கால். காலுக்குக் கால் பக்கம், கணக்குச் சரிதான். ரிப்போர்ட்டுகளை ஈமெயிலில் அனுப்பு, இங்கே தெரிந்த டாக்டரிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன், அதுவரை எதற்கும் சம்மதிக்காதே. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன், எப்போது அடித்தாலும் என்கேஜ்டு, எந்நேரமும் இன்டர்நெட்டிலேயே உட்கார்ந்திருக்காதே.

ஒரே கடிதத்தில், இன்டர்நெட் வராததற்கு வைத்தியமும் இன்டர்நெட்டிலேயே கிடப்பதற்கு ஏச்சும். கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை படித்துப் பார்த்திருக்கலாம்.

உனக்குக் கைகொடுக்க நம் கம்ப்யூட்டர் டாக்டர் மறுநாளே வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் பளிச்சென்று சொன்னார்: ‘அப்படித்தான் ஆகும். மோடம் உள்ளுக்குள்ளயே லைனைப் பிடிச்சு வெச்சிருக்கு. வெளியேர்ந்து யார் அடிச்சாலும் என்கேஜ்டுதான் வரும்.’ இது அப்பா காதில் விழுந்துவிட்டது. அவர் போன பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டு, ‘பாவம், அவன் வாரம் தவறாம அடிச்சிருக்கான். நீ அந்தப் பெட்டிய வெச்சுக்கிட்டு அவன் குரல் வராம பண்ணிட்டியேம்மா’ என்றார். ஒருவேளை அப்படித்தானோ என்று எனக்கும் இருந்தது.

அப்பாவின் காலைப் பற்றி நீ கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். பெருவிரல் முழுக்கக் கறுத்துவிட்டது. பக்கத்து விரல் நிறம் மாறத் தொடங்கியிருக்கிறது. சன்னல் திறந்திருந்தும் அறையில் வாடை நிற்கிறது. இந்த வாரமே இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டால் பாதம் பிழைக்கும், தள்ளிப்போட்டால் முழங்காலுக்குக் கீழே மொத்தமாகப் போகும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். இவர் நிஜமான டாக்டர், குனிந்து பார்த்தார். ‘நீங்க யோசிக்கலாம்மா, கால் யோசிக்காது’ என்றார். அப்பாவோ ஒரே பிடியாக இருக்கிறார். ‘அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும். பையன் இல்லாம இதெல்லாம் முடிவு பண்ண முடியுமா?’ தினமும் புண்ணைத் துடைத்துக் கட்டுவதற்கு மகள் போதும். முடிவு பண்ணத்தான் பையன் வேண்டும். நான் உன்னைக் கூப்பிட்டபோதெல்லாம் உன் பதிவுக்குரல்தான் பேசியது. அதனிடம் கால் விஷயத்தை இரண்டு தடவை சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டது.

இன்று காலைக்கு வருகிறேன். வயரை மாற்றியதும் மோடம் டயல் செய்தது. தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி நெடுநேரம் கத்திவிட்டு அடங்கியது. இன்டர்நெட் வந்துவிட்டது. சந்தேகத்துக்கு முன்னறைக்குப் போய்ப் போனை எடுத்துக் காதில் வைத்தேன். டோன் இல்லை, வெறும் இரைச்சல். ஓகோ, மோடம் லைனைப் பிடித்தால் இப்படித்தான் இருக்குமா என்று நினைத்தவள், போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

அப்படியானால் இதுவரை அது லைனைப் பிடிக்கவே இல்லை. வயர் தப்பான ஓட்டையில் இருந்ததால் பிடிக்க முடியவில்லை. அதனால்தான் டோன் இல்லை, டோன் இல்லை என்று அழுதது. போன் இத்தனை நாளும் காலியாகத்தான் இருந்திருக்கிறது. அப்பா சாப்பிட்டாரா என்று கேட்க நான் நூலகத்திலிருந்து கூப்பிடும்போதெல்லாம் முதல் மணியிலேயே எடுத்து, ‘தம்பியா?’ என்கிறார். அது எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று யோசித்தேன். உன்னைச் சந்தேகிக்க மனம் வராமல், வாயில்லாத ஒரு பெட்டியைச் சந்தேகித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பெட்டி உன்னைவிட யோக்கியம். தனக்கு டோன் வரவில்லை என்று முதல் நாளே ஒப்புக்கொண்டது.

நீ போன் செய்யாதது எனக்குப் பெரிதில்லை. வேலை இருந்திருக்கும். பயமாகவும் இருந்திருக்கும், சின்ன வயதில் அடுத்தவன் முட்டியில் மருந்து போட்டாலே நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாய். செய்யவில்லை, முடியவில்லை என்று எழுதியிருந்தால் இரண்டு நாள் திட்டிவிட்டு விட்டிருப்பேன். உட்கார்ந்து டைப் செய்து, பழியை என் தலையில் கட்டி, தபால்தலையும் ஒட்டி அனுப்பினாய் பார், அதற்குத்தான் சரியான சொல் தேடுகிறேன். கிடைப்பதெல்லாம் எழுதத் தகாததாக இருக்கிறது.

ரிப்போர்ட்டுகளை அனுப்பவில்லை. இதையே ஈமெயிலில் அடித்திருக்கலாம், மறுநிமிடம் படித்திருப்பாய். அதற்கு அடுத்த நிமிடம் யோசனை சொல்லியிருப்பாய். உன் யோசனை வேண்டாம் என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன். இது உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இனி சொல்வதை ஆஸ்பத்திரியில்கூட இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. நாளைக் காலை அப்பா விழித்ததும், நீ போன் செய்தாய் என்று சொல்லப்போகிறேன். வயரைச் சரிசெய்தேன், உடனே லைன் கிடைத்துவிட்டது, உங்களை எழுப்ப வேண்டாம் என்று அவன்தான் சொன்னான், டாக்டர் சொல்கிறபடி செய்யச் சொன்னான். நீ செய்யாத போன்களை எல்லாம் நம்பியவர் இன்னும் ஒன்றை நம்புவார். பின்னால் உன்னிடம் கேட்டால் ஆமாம் என்று சொல். அது உனக்குச் சிரமமாக இருக்காது.

அடுத்து அவர் என்ன கேட்பார் என்பதும் தெரியும். ‘வரேன்னு சொன்னானா?’ இதற்கு என்ன சொல்வது என்று இந்த வரி எழுதும் வரைக்கும் தெரியவில்லை. சொன்னான் என்றே சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் அதை மெய்யாக்குவதும் பொய்யாக்குவதும் உன் பாடு.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். லைன் காலியாக இருக்கிறது. குழந்தைகளுக்கு என் முத்தங்கள். நீயும் நன்றாக இரு.

அக்கா